நெய்வேலிப் பையனும் ரோமாபுரிக் கடிகாரமும்

திட்டக்குடிப் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் யாரும் காசு கொடுத்து நீச்சல் பழகியதில்லை. முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் ஒரு கயிறு. பெரியப்பா கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார். நாலு நாள் மூக்கில் தண்ணீர் ஏறும். ஐந்தாம் நாள் குடுக்கையைக் கழற்றிவிடுவார். அதற்கப்புறம் தண்ணீர் வரும்போது வெள்ளாறு, மழை முடிந்து நிரம்பினால் வெலிங்டன் ஏரி. இதைப் படிக்கும் பலருக்கும் இதேதான் கதையாக இருக்கும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் டிரில் மாஸ்டராக இருந்தவன். 1980இல் நடந்த ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அது மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி தங்கம் வாங்கிய வருஷம். கேப்டன் பாஸ்கரன் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் பள்ளிக்கூடம் முழுக்க ஒலிம்பிக் பேச்சு. அந்த ஐப்பசியில் வெள்ளாற்றில் நல்ல தண்ணீர். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இந்தக் கரையில் குதித்து, அந்தப் பக்கம் திருச்சி மாவட்டக் கரையைத் தொட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் திரும்பி வந்தான். பள்ளிக்கூடத்து ஸ்டாப்வாட்ச் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா அழுத்திப் பார்த்தேன். எவ்வளவு என்று இப்போது நினைவில்லை. ஆனால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டது மறக்கவில்லை.

"சார், ஒலிம்பிக்ல நீச்சலுக்கு ஆளை எப்படி சார் சேத்துக்கறாங்க?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் இல்லையா? "டெல்லியில பெரியவங்க உக்காந்து பேசித் தேர்ந்தெடுப்பாங்கடா. மெட்ராஸ்ல ஆள் தெரியணும். உன்னையெல்லாம் யார் கூப்பிடப் போறாங்க?" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். அதற்கப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போய்விட்டான்.

நாற்பத்தொரு வருஷம் கழித்து, 2021 ஜூன் கடைசியில், கொரோனா காலத்தில் அவனிடமிருந்து போன் வந்தது. "சார், டிவில பாத்தீங்களா? நெய்வேலியில வளந்த பையன் ஒலிம்பிக் போறான் சார், நீச்சலுக்கு. அவனுக்கு மட்டும் டெல்லியில ஆள் தெரியுமா சார்?" அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் அடைந்து கிடந்த காலம். பேரனை உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் படித்தேன்.

அந்தப் பையன் பெயர் சஜன் பிரகாஷ். 1993 செப்டம்பரில், நம் தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த அதே மாதத்தில், கேரளத்து இடுக்கியில் பிறந்தவர். அம்மா சாந்திமோள் ஓட்டப்பந்தய வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை. மகன் வளர்ந்ததும் நீந்தக் கற்றதும் நெய்வேலி நகரியத்தில். திட்டக்குடியில் பஸ் ஏறி விருத்தாசலத்தில் மாறினால் வந்துவிடும் ஊர்.

அவர் எப்படித் தேர்வானார் என்று சொல்வதற்கு முன், யார் முடிவு செய்கிறார்கள் என்ற பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆரம்ப காலத்தில் நான் சொன்னதும் முழுப் பொய்யில்லை. அந்தந்த நாட்டுச் சங்கம் ஆளைத் தேர்ந்து அனுப்பும். 1948இல் லண்டனுக்கு சச்சின் நாக் போன்ற வங்காளத்து நீச்சல்காரர்கள் போனார்கள். அந்த சச்சின் நாக்தான் 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் தங்கம் வாங்கியவர். 1952இல் ஹெல்சிங்கிக்குப் போன ஆரத்தி சாகாவுக்கு அப்போது பதினோரு வயது. பின்னாளில் 1959இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்.

கால்வாய் என்றதும் நமக்கெல்லாம் ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் ஞாபகம் வரும். 1994இல் சின்ன வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர். ஒரே வருஷத்தில் ஆறு நீரிணைகள். மிஹிர் சென் செய்தது ஐந்து. அர்ஜுனா விருது கூடக் கொடுத்தார்கள். அவர் ஏன் ஒலிம்பிக் போகவில்லை என்று அந்தக் காலத்தில் டீக்கடையில் கேட்காத ஆள் கிடையாது. கடலில் நெடுந்தூரம் நீந்துவது வேறு, குளத்தில் நீந்துவது வேறு. திறந்த நீரில் 10 கிலோமீட்டர் போட்டியை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 2008 பெய்ஜிங்கில்தான். குற்றாலீஸ்வரன் நீந்திய நாளில் அவருக்கென்று ஒரு பந்தயமே அங்கே இல்லை.

குளத்துப் போட்டியிலும் கடிகாரத்துக்கு மரியாதை லேசில் வந்துவிடவில்லை. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் லார்சனும் ஆஸ்திரேலியாவின் டெவிட்டும் ஏறக்குறைய ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். கையில் கடிகாரம் பிடித்த மூன்று பேரும் லார்சனுக்குக் குறைந்த நேரம் காட்டினார்கள். கண்ணால் பார்த்த தலைமை நடுவரோ டெவிட் என்றார். தங்கம் டெவிட்டுக்கே போயிற்று. கடிகாரம் தோற்றது, கண் ஜெயித்தது. அந்தச் சண்டைக்கு அப்புறம்தான் மின்னணுக் கருவிகளின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். இப்போது சுவரில் ஒரு பலகை இருக்கும். நீந்துபவரின் கை பட்டதும் நேரம் நின்றுவிடும்.

அதிலும் ஒரு கூத்து நடந்தது. 1972 மியூனிக்கில் 400 மீட்டர் மெட்லியில் ஸ்வீடனின் லார்சன் (இவர் வேறு லார்சன்) ஆயிரத்தில் இரண்டு விநாடியில் ஜெயித்தார். அது சில மில்லிமீட்டர் தூரம். குளத்துச் சுவர் கட்டும் கொத்தனார் கையில் அதைவிட அதிக வித்தியாசம் வந்துவிடுமே! அதனால் நூறில் ஒரு விநாடியோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்றுவரை அப்படித்தான்.

இனி இன்றைய விதிக்கு வருகிறேன். உலக நீச்சல் அமைப்பு ஒவ்வொரு பந்தயத்துக்கும் இரண்டு நேரங்களை அறிவிக்கும். முதலாவதை 'ஏ' நேரம் என்பார்கள். டோக்கியோவுக்கு அது, முந்தைய ரியோ ஒலிம்பிக்கின் முதல் சுற்று நேரங்களை வைத்துக் குறித்தது. அதைத் தொட்டுவிட்டால் தகுதி உறுதி. டோக்கியோவின்போது அதிலிருந்து மூன்று சதவீதம் தள்ளி 'பி' நேரம். இதைத் தொட்டவர் வாசலில் காத்திருக்க வேண்டும். இடம் மிச்சமிருந்தால் கூப்பிடுவார்கள். எந்தப் போட்டியில் நீந்தினாலும் சரி என்பதும் கிடையாது. அங்கீகரித்த போட்டியாக இருக்க வேண்டும், 50 மீட்டர் குளமாக இருக்க வேண்டும், குறித்த தேதிக்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சிக்கல் வேறு மாதிரி. 'ஏ' நேரம் தொட்டவர்கள் அங்கே ஏராளம். ஒரு பந்தயத்துக்கு ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேர்தான் போகலாம். ஆகவே உள்நாட்டுத் தேர்வுப் போட்டியில் முதல் இரண்டு இடத்தில் வந்தாக வேண்டும். 2004இல் இயன் தார்ப், 400 மீட்டரில் உலக சாதனையாளர், ஆஸ்திரேலியத் தேர்வுப் போட்டியில் புறப்படும் ஒலிக்கு முன்பே நிலை தடுமாறித் தண்ணீரில் விழுந்துவிட்டார். தகுதி நீக்கம். உலக சாம்பியன் என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் கிரெய்க் ஸ்டீவன்ஸ் என்பவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால் தார்ப் ஏதென்ஸ் போய்த் தங்கம் வாங்கினார்.

மூன்றாவதாக ஒரு கதவும் உண்டு. தகுதி பெற்ற ஆளே இல்லாத நாடு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்பலாம். எல்லா நாடும் கலந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வைத்த ஒதுக்கீடு. 2000 சிட்னியில் எக்குவடோரியல் கினியாவின் எரிக் மூசம்பானி வந்தது இந்த மாதிரி வாய்ப்பில்தான். நீந்தக் கற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கூட நின்ற இருவரும் தவறாகப் புறப்பட்டு நீக்கப்பட, தனியாளாக 100 மீட்டரைத் தத்தளித்து முடித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

இந்தியாவிலிருந்து அதுவரை போனவர்கள் யாரும் 'ஏ' நேரத்தைத் தொட்டவர்கள் இல்லை. சென்னை ஷெனாய் நகரில் நீந்தக் கற்ற நிஷா மில்லட் சிட்னிக்குப் போனார். 2008இல் விர்தவல் காடே உள்பட நால்வர் பெய்ஜிங் போனார்கள். சஜன் பிரகாஷே 2016இல் ரியோவுக்குப் போனது ஒதுக்கீட்டுக் கதவு வழியாகத்தான். அப்படிப் போவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே முடிவு செய்வது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். கடிகாரம் இல்லை.

2021இல் சஜனுக்கு அந்தக் கதவும் மூடியிருந்தது. இந்திய நீச்சல் கூட்டமைப்பு ஒதுக்கீட்டுக்கு ஸ்ரீஹரி நடராஜையும் மானா படேலையும் பரிந்துரைத்துவிட்டது. 2019இல் கழுத்தெலும்புத் தட்டு விலகித் தோளும் கையும் வலியில் தவித்தவர். கொரோனா வந்தபோது தாய்லாந்தில் மாட்டிக்கொண்டவர். பிறகு துபாயில் பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் அவருக்குத் தேவை 1 நிமிடம் 56.48 விநாடி. ஜூனில் பெல்கிரேடில் நீந்தினார்: 1 நிமிடம் 56.96. அரை விநாடி போதவில்லை. கெடு தேதி ஜூன் 27.

ஜூன் 26, அதே ரோம் நகரம். 1960இல் கடிகாரத்தை ஒதுக்கிவிட்டுக் கண்ணை நம்பிய ஊர். சஜன் சுவரைத் தொட்டபோது பலகை காட்டியது 1 நிமிடம் 56.38. பத்தில் ஒரு விநாடி மிச்சம்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் அது ஒரு சாணுக்கும் குறைவான தூரம். இந்திய நீச்சல் வரலாற்றில் 'ஏ' நேரம் தொட்டு ஒலிம்பிக் போன முதல் ஆள் நெய்வேலியில் வளர்ந்த இந்தப் பையன். மறுநாள் ஸ்ரீஹரியும் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 53.77 விநாடியில் தொட்டார். தேவை 53.85. மானா படேல் ஒதுக்கீட்டில் போனார்.

டோக்கியோவில் சஜன் 1 நிமிடம் 57.22 நீந்தி 24ஆவது இடம். அரையிறுதிக்குப் பதினாறு பேர்தான். அடுத்த 2024 பாரிசுக்கு 'ஏ' நேரத்தை 1 நிமிடம் 55.78 என்று இன்னும் இறுக்கிவிட்டார்கள். அந்தத் தடவை ஸ்ரீஹரியும் பதினாலு வயது தினிதி தேசிங்குவும் ஒதுக்கீட்டில்தான் போனார்கள். திறந்த கதவு மறுபடி சாத்திக்கொண்டது. மற்ற நாட்டுக்காரர்களும் வேகம் கூட்டிக்கொண்டேதானே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு என் பழைய மாணவனுக்கு நானே போன் போட்டேன். முக்கால் மணி நேரம் பேசினேன். பெரியவர்கள் பேசிச் சேர்ப்பது என்று அன்றைக்கு நான் சொன்னது பாதிதான் உண்மை, மீதியைக் கடிகாரம் முடிவு செய்கிறது, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. எழுபது வயதில் அது சீக்கிரம் வருவதில்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "கடிகாரம் அன்னிக்கே உங்க கழுத்துல இருந்துச்சு சார். நம்மகிட்ட இல்லாதது குளம்தான்."

அவன் சொன்னது சரிதான். வெள்ளாற்றுக்கு நீளம் அளக்க முடியாது. கிணற்றில் 50 மீட்டர் போக முடியாது. நெய்வேலிப் பையனுக்குக் குளம் கிடைத்தது, கூட்டிப்போக விளையாட்டுத் தெரிந்த அம்மா கிடைத்தார், மீதியை அவர் கையும் காலும் பார்த்துக்கொண்டன. எங்கள் பையனுக்கு அது ஒன்றும் கிடைக்கவில்லை. சரியான பதிலாவது கிடைத்திருக்கலாம். அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் அன்றைக்கு நான் இருந்தேன்.

இப்போது அவன் பேத்தி விருத்தாசலத்தில் ஆறாவது படிக்கிறாள். போன மாதம் கேட்டாளாம், ஒலிம்பிக்குக்கு எப்படித் தாத்தா போறது என்று. "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றான். அவளுக்காகத்தான் இவ்வளவையும் எழுதி வைத்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டாலும் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். என்னைப் போல் சிரித்து அனுப்பிவிடாதீர்கள்.