கத்திக்கு முன்னும் பின்னும்: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின் எழுபது ஆண்டுகள்

மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு அறுவை அரங்கின் மீது ஒரு மோகம் உண்டு. எந்த ஆண்டில், எந்த ஊரில், யார் முதலில் வெட்டினார் என்பதே அவர்களுக்குக் கதை. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் அப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது: 1950-களில் குடலின் பாதையைக் குறுக்கினார்கள், 1966-இல் இரைப்பையைப் பிரித்தார்கள், 1994-இல் லேப்ராஸ்கோப் வழியாகச் செய்ததைப் பதிவு செய்தார்கள், பிறகு இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குறுகிய குழாயாக்கும் ஸ்லீவ் முறை வந்தது. இந்தத் தேதிகளில் பிழையில்லை. ஆனால் இவை மட்டுமே வரலாறு என்றால், ஒரு காலத்தில் மருத்துவர்களே கைவிட்ட இந்தச் சிகிச்சை இன்று ஓரளவு நம்பிக்கைக்குரியதாக மாறியது எப்படி என்பது விளங்காது. அறுவைக்கு முந்தைய சில வாரங்களையும் பிந்தைய பல ஆண்டுகளையும் சிகிச்சையின் பகுதியாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்த மாற்றம் நடந்தது. கத்தி பிடித்த கையின் திறமைக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் அது பாதிப் பங்குதான்.

1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆர்னால்டு கிரெமனும் அவருடைய சகாக்களும், சிறுகுடலின் தொடக்கத்தை அதன் கடைசிப் பகுதியோடு இணைக்கும் முறையைப் பதிவு செய்தார்கள். உணவு குடலில் பயணம் செய்யும் தூரம் குறைந்தால் சத்து உறிஞ்சப்படுவதும் குறையும், எடை தானாக இறங்கும் என்பது கணக்கு. அடுத்த பத்தாண்டில் லாஸ் ஏஞ்சலிஸில் பெய்னும் டிவின்டும் இன்னும் துணிந்து, சிறுகுடலைப் பெருங்குடலோடே இணைத்துப் பார்த்தார்கள். எடை வேகமாகக் குறைந்தது. கூடவே அடங்காத வயிற்றுப்போக்கும், உப்புச்சத்துக் குறைவும், கல்லீரல் கேடும் வந்தன. பெரும்பாலோருக்குக் குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. இணைத்ததும் எடையும் பழையபடி ஏறியது. 1969-இல் பெய்னும் டிவின்டுமே திருத்திச் சொன்ன முறையில், சிறுகுடலின் முதல் 14 அங்குலமும் கடைசி 4 அங்குலமும் மட்டும் உணவுப் பாதையாக இருந்தன. ஏறத்தாழ 6 மீட்டர் குடலில் அரை மீட்டருக்கும் குறைவு. அமெரிக்கா முழுவதும் பல்லாயிரம் பேர் இதைச் செய்துகொண்டார்கள். காயம் ஆறியது, ஆடைகள் தளர்ந்தன, சிகிச்சை வெற்றி என்று எழுதப்பட்டது. மாதங்களும் ஆண்டுகளும் கழித்துத்தான் சிறுநீரகக் கற்களும் மூட்டு வலியும் கல்லீரல் செயலிழப்பும் வரிசையாக வந்து நின்றன. உறிஞ்சப்படாத கொழுப்பு குடலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்ஸலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. 1980 வாக்கில் இந்த முறை ஏறக்குறைய கைவிடப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்த அறுவையே தவறான வடிவமைப்பு. பயன்படாமல் கிடந்த நீளமான குடலில் கிருமிகள் பெருகின, கல்லீரல் கெட்டது. பின்கவனிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். வடிவமைப்பு தவறு என்பது உண்மை. ஆனால் அது தவறு என்று கண்டறிந்தது அறுவை அரங்கில் அல்ல. ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைத் திரும்ப வரவழைத்து, ரத்தத்தையும் சிறுநீரையும் கல்லீரலையும் சோதித்தவர்கள்தான் கண்டறிந்தார்கள். அந்தப் பழக்கம் முதலிலிருந்தே இருந்திருந்தால் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும். வெட்டும் முறை எவ்வளவு மோசமானதோ, அவ்வளவுக்குத் தொடர்கவனிப்பு கட்டாயமாகிறது என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

அந்தப் பாடத்தை முதலில் முழுமையாகப் படித்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றிக்கொண்டவர்கள் எடை கூடாமல் இருந்ததை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அந்தப் பக்கவிளைவையே சிகிச்சையாக மாற்றி, 1966-இல் சிக்காஷி இட்டோவோடு சேர்ந்து, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு இணைக்கும் இரைப்பை பைபாஸைச் செய்தார் மேசன். 1980-இல் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி, அந்தப் பையின் வெளிவாயில் வளையமிட்டு இறுக்கும் முறையையும் கொண்டுவந்தார். அந்த வளையத்தின் அனுபவம் முக்கியமானது. கெட்டியான உணவு உள்ளே இறங்கச் சிரமப்பட்டது. ஐஸ்கிரீமும் இனிப்புப் பானமும் வழுக்கிக்கொண்டு இறங்கின. உணவுப் பழக்கம் அந்தப் பக்கம் சாய்ந்தவர்களுக்கு எடை திரும்பியது. இரைப்பையைச் சிறிதாக்கினால் போதும், உண்ணும் வழக்கம் தானே ஒழுங்காகிவிடும் என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது. 1983-இல் அமெரிக்காவில் இந்தத் துறை மருத்துவர்களின் சங்கம் உருவானபோது முதல் தலைவரானவர் மேசன். 1986-இல் நோயாளிகளின் விவரங்களைத் தொடர்ந்து திரட்டும் பதிவேட்டை அயோவாவில் தொடங்கியவரும் அவரே. தன் வெட்டு பிற்காலத்தில் என்ன ஆனது என்று எண்ணிப் பார்க்க ஒரு அறுவை மருத்துவர் பதிவேடு திறந்ததை, புதிய வெட்டு ஒன்றைக் கண்டுபிடித்ததற்குச் சமமான சாதனையாகவே கருத வேண்டும்.

1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய ஒருமித்த கருத்து மாநாடு இந்தத் தொடர்கவனிப்பைப் பரிந்துரையாக்கியது. எடையை உயரத்தோடு ஒப்பிடும் குறியீடான பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து சர்க்கரை நோய் போன்ற துணை நோய்களும் உள்ளவர்களுக்கு அறுவை என்ற அளவுகோல்தான் பலருக்கும் நினைவிருக்கிறது. அதே அறிக்கையின் மற்ற இரண்டு வரிகள் அதைவிடக் கனமானவை: அறுவை மருத்துவர், பொது மருத்துவர், மனநல மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோர் கொண்ட குழு ஒவ்வொருவரையும் முன்னதாக மதிப்பிட வேண்டும், பின்னர் வாழ்நாள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும்.

இன்னொரு மறுப்பு, இந்தத் துறையைக் காப்பாற்றியது லேப்ராஸ்கோப்தான் என்பது. 1994-இல் விட்குரோவும் கிளார்க்கும் வயிற்றைப் பிளக்காமல் சிறு துளைகள் வழியே பைபாஸ் செய்ததைப் பதிவு செய்தார்கள். பெரிய காயமும் அதனால் வரும் குடலிறக்கமும் குறைந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவி மாறியதும் முன்தயாரிப்பின் தேவை குறையவில்லை, கூடியது. இரைப்பையின் மேற்பகுதியை எட்ட வேண்டுமானால் கல்லீரலின் இடது மடலை மேலே தூக்க வேண்டும். எடை மிகுந்தவர்களின் கல்லீரல் கொழுப்பேறிப் பருத்து, எளிதில் கிழியக்கூடியதாக இருக்கும். அறுவைக்கு முன் இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு என்ற வழக்கம் இந்த நெருக்கடிக்குத் தீர்வாக வந்தது. 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, கல்லீரல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கியிருந்தது. அதில் 80 சதவீதம் முதல் இரண்டு வாரங்களிலேயே நடந்துவிட்டது. உறக்கத்தில் மூச்சடைப்பு உண்டா என்று பார்ப்பது, புகைப்பதை நிறுத்தச் சொல்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, இரும்பு, வைட்டமின் அளவுகளை முன்கூட்டியே அளப்பது ஆகியவையும் அறுவையின் வெற்றியைத் தீர்மானிக்கும் வேலைகளே.

பின்கவனிப்புக்கான சான்றுகள் இன்னும் வலுவானவை. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் அறுவை செய்துகொண்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த 2005-ஆம் ஆண்டுக் கட்டுரை, முதல் 30 நாளில் 2 சதவீதம் பேரும் ஓராண்டுக்குள் மொத்தம் 4.6 சதவீதம் பேரும் இறந்ததாகக் காட்டியது. அவர்கள் முதியவர்கள் அல்லது உடல் இயலாமை உள்ளவர்கள். பொது மக்களோடு ஒப்பிடக் கூடாது, அந்த மரணங்களில் எல்லாமே அறுவையால் நேர்ந்தவை என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட மரணங்கள் தையல் ஆறிய பிறகு நிகழ்ந்தன என்பது கவனிக்கத்தக்கது. ஆபத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கெடுவோடு வருகின்றன. தையல் கசிவும் காலில் ரத்தக்கட்டும் முதல் நாட்களின் பயம். அதனால்தான் அறுவை நாளன்றே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள், நாடித்துடிப்பு குறையாமல் வேகமாக இருந்தால் பதறுகிறார்கள். தயமின் (வைட்டமின் பி1) சேமிப்பு உடலில் சில வாரங்களுக்கே வரும். வாந்தி நிற்காதவருக்கு அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். எடை விரைந்து இறங்கும் முதல் ஆறு மாதத்தில் பித்தக்கல் உருவாகலாம்; 1995-இல் வெளியான ஆய்வில், மருந்து எடுக்காதவர்களில் 32 சதவீதம் பேருக்கு வந்த கல், அர்சோடையால் என்ற மருந்தைத் தினம் 600 மில்லிகிராம் எடுத்தவர்களில் 2 சதவீதமாகக் குறைந்தது. ஒரு மாத்திரை செய்த வேலை இது. பி12 குறைவோ, கல்லீரலில் இருப்பு உள்ளதால், ஓரிரு ஆண்டுகள் ஒளிந்திருந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நோயாளி மருத்துவமனையை மறந்த பிறகு தலைகாட்டும்.

உடலோடு இது முடிவதில்லை. 2007-இல் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், செய்தவர்களின் மரண விகிதம் 40 சதவீதம் குறைவாக இருந்தது. சர்க்கரை நோயால் நேரும் மரணம் 92 சதவீதம் குறைந்தது. சிகிச்சை உயிர் காக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதே ஆய்வில் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் நேர்ந்த மரணங்கள் 58 சதவீதம் கூடுதல். பைபாஸுக்குப் பிறகு இரண்டாம் ஆண்டில் மதுப் பழக்கச் சிக்கல் கூடுவதாக 2012-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. மனநல மருத்துவரைக் குழுவில் சேர்த்தது சம்பிரதாயத்துக்காக அல்ல என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

முன்தயாரிப்பு என்ற பெயரில் நோயாளியை அலைக்கழிப்பதாக ஒரு குற்றச்சாட்டும் உண்டு. அது பொய்யல்ல. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, ஆறு மாதம் மருத்துவர் மேற்பார்வையில் டயட் இருந்து காட்டினால்தான் பணம் என்று விதித்தன. அதற்கு ஆதாரமில்லை, அது பாரபட்சமானது என்று துறையின் சங்கமே 2016-இல் கண்டித்தது. கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரம் உணவைக் குறைப்பது தயாரிப்பு. தகுதியை நிரூபிக்க ஆறு மாதம் காக்கவைப்பது வடிகட்டல். முன்னதற்கு அளவிட்ட பலன் இருக்கிறது, பின்னதற்கு இல்லை. ஒன்றின் குறையைக் காட்டி மற்றொன்றையும் தள்ளிவிடக் கூடாது.

நமக்கும் இந்த வரலாறு அந்நியமல்ல. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், 2022-இல் வந்த சர்வதேசப் பரிந்துரை பிஎம்ஐ 27.5 தொட்ட ஆசியர்களுக்கும் அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. இனி இன்னும் பலர் இந்த வாசலுக்கு வருவார்கள். ஆனால் இந்தியாவின் பல மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய 30 நாள், வெளியேறிய பின் 60 நாள் செலவோடு கணக்கை முடித்துக்கொள்கின்றன. அறுபது நாளில் பித்தக்கல் அபாயமே தீர்ந்திருக்காது, பி12 குறைவு தொடங்கியே இருக்காது. ஆகவே இந்த அறுவையை யோசிப்பவர்கள் மருத்துவமனையிடம் முதலில் கேட்க வேண்டியது எந்த முறை, எத்தனை கிலோ இறங்கும் என்பதை அல்ல. மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் என் ரத்தத்தைச் சோதித்து, வராவிட்டால் தேடிக் கூப்பிடப்போவது யார் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் தராத இடத்தில் அறுவை செய்துகொள்ளாதீர்கள்.