நிறையும் திணிவும்: தமிழ் வேதியியற் கலைச்சொற்களின் இரு கரைகள்

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்த தமிழ்க் குடும்பங்களுள் சில, நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலில் இரப்பர்த் தோட்டத் தொழிலுக்காகக் குடியமர்த்தப்பட்டன. இரப்பர்த் தொழிலின் அன்றாடப் பணியே ஒரு தொடக்க வேதியியற் பாடம் எனலாம். பாலிலுள்ள இரப்பர்த் துகள்கள் எதிர்மின்சுமை தாங்கி ஒன்றையொன்று விலக்கி நிற்கும்; நீர்த்த அமிலம் சேர்ந்ததும் அச்சுமை நீங்கிப் பால் உறையும். அவ்வமிலம் தமிழகப் பாடநூலில் ‘ஃபார்மிக் அமிலம்’. இலங்கைப் பாடநூலில் ‘போமிக்கமிலம்’.

இவ்வேறுபாடு தொடக்கம் முதலே இருந்ததன்று. யாழ்ப்பாணத்திற்கு 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவர்தம் ‘கெமிஸ்தம்’ 1875இல் நாகர்கோவிலில் அச்சேறியது. ஈழத்து மாணாக்கருக்கென எழுந்த நூல் குமரி மண்ணில் அச்சானமை, அன்று இரு கரைக்கும் அறிவியல் தமிழ் ஒன்றாகவே கருதப்பட்டதைக் காட்டுகின்றது. ஆங்கிலச் சொல்லுக்கு ‘அம்’ ஈறு கொடுத்து ஆக்கிய அத்தலைப்பு நிலைக்கவில்லை. துறையின் பெயர் இன்று தமிழகத்தில் வேதியியல், இலங்கையில் இரசாயனவியல்.

பிரிவு இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்தது. தமிழகத்தில் 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த கலைச்சொற்குழு வடமொழிச் சார்புடையதெனத் தமிழறிஞரின் எதிர்ப்பைப் பெற்றது. இலங்கையிலோ அரசுத்துறைச் சொற்றொகுதிகள் கிரந்த எழுத்தை விலக்கி, ஒட்சிசன், ஐதரசன் என ஒலிமரபுக்கு இயைய எழுதின. வடசொல்லைத் தமிழெழுத்தால் தழுவுதற்குத் தொல்காப்பியம் வகுத்த நெறி இங்கு ஆங்கிலச் சொல்லுக்கும் நீண்டது. தமிழகமோ ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்றது.

ஒலிவேறுபாட்டால் இடரில்லை, ஒட்சிசனைக் கண்டவர் ஆக்சிஜனை ஊகித்துக்கொள்வர். தனிமம் அங்கு மூலகம், சேர்மம் அங்கு சேர்வை என்பனவும் அகராதியால் தீர்வன. இடர் தருவன, இரு கரையிலும் வழங்கி வேறு பொருள் சுட்டும் சொற்களே. தமிழகத்தில் ‘காரம்’ என்பது அமிலத்தோடு வினைபுரிந்து உப்பும் நீரும் தரும் சேர்மம். அவற்றுள் நீரில் கரைவது ‘எரிகாரம்’. இலங்கையில் முன்னது ‘மூலம்’, பின்னதே ‘காரம்’. அங்கு மூலம், மூல், மூலகம், மூலக்கூறு என்னும் நான்கும் ஒரே பாடத்தில் வருவது மாணாக்கருக்கு எளிதன்று.

‘நிறை’ இதனினும் நுட்பமானது. 36 கிராம் நீரில் எத்தனை மோல் எனின், தமிழக மாணவர் நிறையை மோலார் நிறையாகிய 18 கிராமால் வகுத்து 2 மோல் என்பார். இலங்கை மாணவர் திணிவை மூலர்த் திணிவால் வகுத்து 2 மூல் என்பார். விடை ஒன்றே. ஆயின் இலங்கையில் ‘நிறை’ என்பது புவியீர்ப்பால் விளையும் விசை, அதாவது தமிழகம் ‘எடை’ என்பது. அவ்வழக்கில் அந்நீரின் நிறை ஏறத்தாழ 0.35 நியூட்டன். அவ்வழக்கில் பயின்றவர் தமிழகக் கணக்கில் ‘நிறை 36 கிராம்’ எனக் கண்டால், அதனை அலகுப் பிழையென்றே கொள்வார்.

கலைச்சொல் ஒருங்கிணைப்பு முயற்சிகள் பெரும்பாலும் கிரந்த எழுத்து குறித்த வழக்காகவே முடிந்தன. எழுத்தைக் காட்டிலும் நிறை, காரம் போன்ற சொற்களே முதலில் தொகுத்து உடன்பாடு காணத்தக்கவை. அவற்றின் எண்ணிக்கையும் பெரிதன்று.