சிங்கப்பூர் யூதரின் மண நீராட்டு

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலையொட்டிச் செல்லும் பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்து கால்நடை வணிகம் செய்த யூதர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. 1830இல் ஒன்பது வணிகராக மட்டுமே இருந்த சிங்கப்பூர் யூதர், பாக்தாத், கல்கத்தா நகரங்களிலிருந்து வந்தோரால் பெருகினர். 1878இல் வாட்டர்லூ வீதியில் மகைன் அபோத் தொழுகைக் கூடத்தை நிறுவினர். சிலிகி சாலை, மிடில் சாலைப் பகுதியிலிருந்த அவர்தம் குடியிருப்பு ‘மஹல்லா’ எனப்பட்டது.

தொழுகைக் கூடத்தினும் முதன்மையாக அவர்கள் கருதுவது ஒன்றுண்டு. அது ‘மிக்வே’ என்னும் நீராட்டுத் தொட்டி. அதனைக் கட்டப் பொருளில்லையேல் தொழுகைக் கூடத்தையே விற்கலாம் என்பது யூத நெறி. ஏனெனில், அந்நீரில் மூழ்கி எழாது ஒரு பெண் இல்லறம் தொடங்கலாகாது.

மாதவிலக்கு நின்றபின் ஏழு தூய நாள்களை எண்ணி முடித்த மணப்பெண், மணநாளுக்குச் சற்று முன்னர் நீராடச் செல்வாள். உடலுக்கும் நீருக்கும் இடையே எதுவும் தடையாக நிற்றல் கூடாது. ஆதலின் முதலில் நன்கு குளித்து, நகம் களைந்து, கூந்தலைச் சிக்கின்றி வாரி, மோதிரமும் தோடும் அகற்றுவாள். பாக்தாத் மரபினர் திருமணத்தையொட்டி மருதாணி இடும் வழக்கமுடையவர். கையில் ஒட்டிய சாந்து தடையாகும். அது விட்டுச்சென்ற செந்நிறம் தடையாகாது. இத்துணை நுட்பமானது அவ்விதி. பின்னர் ஒரு முடியும் மிதவாதபடி அவள் முழுதும் மூழ்க, உடனிருக்கும் பெண் அதனைக் கண்டு உறுதி செய்வாள்.

நீருக்கும் விதியுண்டு. மழையாலோ ஊற்றாலோ தானே திரண்ட நீர் வேண்டும். குடத்தால் முகந்து நிரப்பிய நீர் ஆகாது. மழைநீர்த் தேக்கம் ஒன்று அமைத்து, சிறு துளையால் குளிக்கும் தொட்டியோடு இணைப்பர். அவ்விணைப்பால் குழாய்நீரும் தகுதி பெறும். கடலும் மிக்வேயே எனினும், மணப்பெண்ணின் மறைவு கருதித் தொட்டியே நாடப்படுகின்றது.

தமிழர் மரபு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அகநானூற்றின் 86ஆம் பாடலில், மகப்பேறு பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகின்றனர். அங்கே நீர் பெண்ணை நாடி வருகின்றது. இங்கே பெண் நீரை நாடிச் செல்கின்றாள். ஆயினும் மணமகளின் அருகே மூத்த பெண்டிர் நிற்பது இரண்டிற்கும் பொது.

1943இல் ஜப்பானியர் இவ்யூதர் பலரைச் சிறைமுகாமில் அடைத்தனர். போருக்குப்பின் பலர் வேற்றுநாடு பெயர்ந்தனர், மஹல்லாவும் கலைந்தது. எனினும் எஞ்சிய சிறு குடியினர் இந்நீராட்டைக் கைவிட்டாரல்லர். வீதியின் பெயர்களாலும் கட்டடங்களாலும் ஓர் இனத்தின் நினைவு நிலைக்கலாம். ஆனால் அவ்வினம் தொடர்வதற்கு மணப்பெண்ணின் இந்நீராட்டு வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.