வாவி யாருக்கு?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழும் திசையிலுள்ள கரையை எழுவான்கரை என்றும், மறையும் திசையிலுள்ளதைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். அங்கே மீன்பிடி சிறந்தது; இங்கே நெல்வயல் சிறந்தது. தோணியும் வீச்சுவலையுமன்றி வேறு முதலில்லாத ஏழையும் இவ்வாவியை நம்பி வாழ்ந்தான்.

கடந்த அரை நூற்றாண்டிலே பசுமை அரசியல் என்னும் கொள்கை உலகிற் பரவியுள்ளது. 1980இல் மேற்கு ஜேர்மனியில் தோன்றிய பசுமைக் கட்சி, 1983இல் பாராளுமன்றம் புகுந்தது. சூழல் பேணல், சமூக நீதி, அடிமட்ட மக்களாட்சி, வன்முறையின்மை என்பன அதன் நான்கு தூண்கள். இது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என நம்மவருட் சிலர் இகழ்வர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. முதலாளித்துவ வேளாண்மை உழைப்பாளியோடு மண்ணையும் சேர்த்தே சூறையாடுகின்றது என்பதை, 1867இல் வெளிவந்த 'மூலதன'த்திலேயே மார்க்சு உணர்த்திவிட்டார்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்ததொன்றை நோக்குவோம். 1990களிலே நாகப்பட்டினக் கரையோர நெல்வயல்கள் பல, ஏற்றுமதிக்கான இறாற் பண்ணைகளாயின. பண்ணைக் குளங்களின் உப்புநீர் அயல் வயல்களிலும் கிணறுகளிலும் ஊறியது. கூலி விவசாயிகள் வேலையிழந்தனர். மீனவர் கடலுக்குச் செல்லும் வழியிழந்தனர். அவர்களைத் திரட்டிப் போராடிய காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன், இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினார். கரையோர ஒழுங்குமுறை வலயத்திலே மரபுமுறை சாராத பண்ணைகளை அகற்றுமாறு 1996 டிசம்பர் 11இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயின், 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, அனுமதி பெறும் பண்ணைகளுக்கு மீண்டும் வழிதிறந்தது. நீதிமன்றில் வென்றதை ஏழை மக்கள் சட்டமன்றில் இழந்தனர்.

நம் தீவின் வடமேற்கிலும் இவ்வரலாறுண்டு. புத்தளக் கரையோரத்திலே கண்டற் காடுகளை அழித்தெழுந்த பண்ணைகள் பல, 1996இல் வெண்புள்ளி நோயினாற் பாழாயின. இலாபம் கொண்டோர் அகன்றனர். உவர்நிலம் ஊரவர்க்கு எஞ்சியது.

ஆதலின், சூழல் பேணல் என்பது மரநடுகை விழாவோடு முடிவதன்று. நிலமும் நீரும் யாருக்கு, அதைத் தீர்மானிப்போர் யார் என்னும் அரசியல் வினாவே அதன் உயிர். கண்டல் வேர்களிடையேதான் மீன்குஞ்சுகளும் இறாற்குஞ்சுகளும் வளர்கின்றன. அவ்வேரை வெட்டுபவன் வலைஞனின் நாளைய சோற்றை வெட்டுகின்றான். உழைப்போரை மறந்த பசுமைக் கொள்கை வெறும் அலங்காரம். வாவியை மறந்த உழைப்பாளர் இயக்கமோ அரைகுறை. இவ்விரண்டையும் இணைத்துக் கற்பிப்பது ஆசிரியராகிய நம் கடன். மாணவரை ஒருநாள் வாவிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். வலைவீசும் முதியவரிடம் அவர்களோடு நாமும் பாடங் கேட்போம்.