சிறைக்கூடமா, சிகிச்சைக்கூடமா?
மதுபோதைச் சாரதியும் அமெரிக்கச் சட்டமும்

குற்றவாளிக்குத் தண்டனை, நோயாளிக்குச் சிகிச்சை. சமுதாயம் வகுத்துக்கொண்ட இவ்வெல்லைக்கோட்டின் இரு மருங்கிலும் ஒருங்கே நிற்பவன், மதுவுக்கு அடிமையாகி வாகனஞ் செலுத்தும் சாரதி. அவனை எப்பக்கஞ் சேர்ப்பது என்னும் வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கா விடை தேடிய வரலாறு ஆராயத்தக்கது.

குருதியில் அற்ககோல் 0.15 சதவீதத்தை எட்டின் அதனைப் போதைக்குச் சான்றாகக் கொள்ளலாமென 1939இல் இந்தியானா மாநிலம் சட்டமியற்றியது. 1954இல் றொபேட் போர்க்கன்ஸ்ரைன் ஆக்கிய சுவாசச் சோதனைக் கருவி அளவிடலை எளிதாக்கிற்று. குற்றத்தை நிறுவுதல் இலகுவாயிற்று. ஆயின், மீண்டும் மீண்டும் அகப்படுவோரை என்செய்வது?

போதைப்பொருளுக்கு அடிமையாயிருத்தலை மட்டுமே குற்றமாக்கித் தண்டித்தல் அரசியலமைப்புக்கு முரணானதென 1962இல் றொபின்சன் வழக்கில் உயர்நீதிமன்றம் தீர்த்தது. எனினும் 1968இல் பவல் வழக்கில், பொதுவிடத்திற் குடிபோதையுடன் காணப்பட்டவனைத் தண்டிக்கலாமென நீதியரசர் ஐவர் கருதினர்; நால்வர் மாறுபட்டனர். ஆகவே, சிகிச்சை என்பது குற்றவாளியின் உரிமையாகவன்றி அரசின் கொள்கையாகவே வளர நேர்ந்தது.

அக்கொள்கை தொடக்கத்தில் இடறிற்று. 1966இல் பீனிக்ஸ் நகரில் இத்தகைய சாரதிகளுக்கான வகுப்புகள் தொடங்கின. இரண்டாம் முறை குற்றம் புரிந்தோர் ஓராண்டுச் சிகிச்சையில் இணைந்து அனுமதிப்பத்திர இடைநிறுத்தத்தினின்று தப்பலாமெனக் கலிபோர்ணியா 1978இல் இடமளித்தது. பின்னைய மதிப்பீடுகளோ, அனுமதிப்பத்திரம் இழந்தோரே குறைவான விபத்துகளிற் சம்பந்தப்பட்டனர் எனக் காட்டின. 1980இல், முன்னரும் இதே குற்றத்திற்குத் தண்டனை பெற்ற ஒருவனின் வாகனத்தால் மகளை இழந்த தாயொருவர் அம்மாநிலத்திலேயே மக்களியக்கமொன்றைத் தொடக்கினார். அவ்வியக்கம் பரவவே பல மாநிலங்கள் கட்டாயச் சிறைத்தண்டனையை நாடின. ஆனால் சிறைக்கதவு குடியனை அடைத்துவைக்குமேயன்றிக் குடியை நீக்காது.

இவ்விரு தோல்விகளினின்றும் புதுவழி பிறந்தது. 1995இல் நியூ மெக்சிக்கோவின் டோனா ஆனா மாவட்டத்தில், நீதிபதியின் தொடர்ந்த மேற்பார்வையிற் சிகிச்சை வழங்கும் தனி நீதிமன்றம் தோன்றிற்று. 2005இல் தென் டக்கோட்டா, குற்றவாளிகள் நாள்தோறும் இருமுறை சுவாசச் சோதனைக்கு உட்படும் திட்டத்தைத் தொடக்கியது. மது அருந்தியமை புலப்பட்டால் உடனடியாகக் குறுகிய காலச் சிறை. இத்திட்டத்தால் மீளவும் இக்குற்றத்திற்காகக் கைதாவது ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்ததென 2013இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

சிகிச்சை கருணையின் சலுகையானவிடத்து வீதியிற் செல்வோர் உயிர் பணயமாயிற்று. தண்டனை தனித்து நின்றவிடத்துக் குற்றம் மீண்டது. சிகிச்சையைத் தண்டனையினின்று தப்பும் வாயிலாக்காது, பொறுப்பேற்கும் கடமையாக்குதலே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.