ஸ்டாண்டில் நிற்காத சைக்கிள்கள்

சினிமாக் கொட்டகைகளின் வரலாற்றை எழுதியவர்கள் திரையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், மணல் தரையையும் பெஞ்சையும் பற்றி எழுதியிருக்கிறார்கள், இடைவேளை முறுக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி யாரும் உட்கார்ந்து எழுதி நான் படித்ததில்லை. ஆனால் சேலத்திலும் நாமக்கல்லிலும் பெண்கள் கொட்டகைக்கு எப்படி வந்தார்கள், முக்கியமாக எப்படித் திரும்பிப் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கலையைப் பார்க்கப் போவது எப்போதுமே போக்குவரத்துப் பிரச்சினைதான். கும்பகோணத்தில் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளின் நாடகங்களுக்காகத் தனி ரயில்கள் ஓடியதாகச் சொல்வார்கள். மேடையில் நின்றவர்கள் பெண்கள். அந்த ரயிலில் ஏறி வந்து ராத்திரி நாடகம் பார்த்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு ரயில் தேவைப்படவில்லை. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937இல் ‘சதி அகல்யா’ வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே எடுக்கப்பட்டன. படம் தயாராகிற ஊர் என்ற பெருமை சேலத்துக்கு இருந்ததால் கொட்டகைகளுக்கும் பஞ்சமில்லை. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறிக்கு நூல் சுற்றிக்கொடுத்த பெண்கள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குச் சலங்கை வைத்த பெண்கள், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைகளில் மாவு காயவைத்த பெண்கள் எல்லாரும் கையில் கொஞ்சம் காசு பார்த்தவர்கள். படம் பார்த்தார்கள். நடந்து வந்தார்கள், அல்லது சைக்கிள் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தார்கள். ஊர் ஊராகப் போன டூரிங் கொட்டகைக்கு என்றால் மாட்டுவண்டி.

கேரியரில் வருவதற்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும். ராத்திரியில் விளக்கில்லாமல் போனாலும் பிடிக்கும். அதனால் கொட்டகைக்குக் கொஞ்சம் முன்பாகவே மனைவியை இறக்கிவிட்டு, மிச்சத் தூரம் நடந்து வரச் சொல்கிற வழக்கம் இருந்ததாக என் அத்தை சொல்வார். மாமா சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு டோக்கன் வாங்கும்போது அத்தை தூரத்தில் நடந்து வந்துகொண்டிருப்பார். சைக்கிளுக்கு நகராட்சி வரி கட்டி வாங்கிய தகர வில்லை மாமாவிடம், ஸ்டாண்டு டோக்கனும் மாமாவிடம்.

டிக்கெட்டில் பெண்களுக்குத் தனி வரிசை உண்டு, உள்ளே பல கொட்டகைகளில் தனிப் பக்கமும் உண்டு. ஸ்டாண்டில் தனி இடம் கிடையாது. பெண்கள் வண்டி ஓட்டி வருவார்கள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. கேன்டீனைப் போல ஸ்டாண்டும் குத்தகைதான். எத்தனை வண்டி திணிக்க முடியுமோ அத்தனை காசு. ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் கோத்து நெருக்கி நிறுத்துவார்கள். ஒன்றை உருவினால் வரிசையே சரியும். சேலை கட்டிக்கொண்டு அந்த நெருக்கடிக்குள் புகுந்து கேரியரைப் பிடித்துத் தூக்கி வண்டியை எடுக்க வேண்டும். இடமோ பெரும்பாலும் கட்டடத்தின் பின்பக்கம், ஆண்கள் கழிப்பிடத்துக்கு அருகில், ஒற்றை பல்பு வெளிச்சத்தில்.

1990களின் தொடக்கத்தில் நானும் இரண்டு தோழிகளும் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்னி ஷோவுக்கு சைக்கிளில் போனோம். ஸ்டாண்டுக்காரர் டோக்கன் கொடுக்கும்போதே, “ஏம்மா, கூட ஆம்பளைங்க யாரும் வரலியா?” என்று கேட்டார். படம் முடிந்து வந்தால் மூன்று வண்டிகளிலும் காற்றைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். சுற்றி ஐம்பது அறுபது வண்டிகள் இருந்தன; எங்களுடைய மூன்றுதான் லேடீஸ் சைக்கிள். யார் என்று கேட்டதற்கு அவர் ஸ்டாண்டின் கூரையைப் பார்த்தார். ஒன்றரை மைல் தள்ளிக்கொண்டு போனோம். வீட்டில் கேட்டபோது பஞ்சர் என்றோம். அதன்பிறகு ஒருத்தி பஸ்ஸில்தான் சினிமாவுக்கு வந்தாள், இன்னொருத்தி வரவேயில்லை.

அதே ஆண்டுகளில்தான், திருச்சியைத் தாண்டினால் வருகிற புதுக்கோட்டையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு நகருக்குள் சைக்கிளில் வந்ததை பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடான நிலையில் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுவே பிடித்திருந்தது. தண்ணீர் எடுக்க, கல்குவாரிக்குப் போக, வகுப்பெடுக்க என்று அந்த சைக்கிள்கள் ஓடின. நம் பெண்ணிய எழுத்துகளில் இந்தக் கதைக்குக் குறைவில்லை, அது நியாயமும்கூட. ஆனால் அந்தக் கதைகளில் சைக்கிள் எப்போதும் வேலைக்குத்தான் போகிறது. பொழுதுபோக்கப் போகிற பெண்ணைப் பற்றிப் பேச நமக்கே கொஞ்சம் கூச்சம் இருக்கிறது.

பிறகு அரசே சைக்கிள் கொடுத்தது. 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்கு. 2005-06இல் அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் எல்லாருக்கும். எங்கள் மாவட்டங்களில் காலை எட்டரை மணிக்கு எந்தக் கிராமச் சாலையில் நின்றாலும் அதன் பலனைப் பார்க்கலாம். மாலை ஆறரைக்கு அதே சாலையில் நின்று பாருங்கள்.

இப்போது இந்த விஷயம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. பசுமைக் கட்டடம் என்று சான்று வாங்கும் கலையரங்கங்கள் உலகெங்கும் சைக்கிள் நிறுத்த இடம் ஒதுக்குகின்றன. அதற்குப் புள்ளிகள் உண்டு. அமெரிக்காவில் உருவான ‘லீட்’ தரமதிப்பீட்டின் முந்தைய பதிப்பு ஒன்றில், உச்ச நேரத்தில் கட்டடத்தில் இருப்பவர்களில் 5 சதவீதம் பேருக்கு சைக்கிள் இடம் வேண்டும், அது வாசலிலிருந்து 200 கஜத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. 1,000 பேர் உட்காரும் அரங்கம் என்றால் 50 சைக்கிள். ஊழியர்கள் குளித்து உடை மாற்ற அறையும் கேட்கிறார்கள். வியர்வையைப் பற்றி யோசித்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் 200 கஜம் என்பது சுமார் 180 மீட்டர். பகல் பத்து மணிக்கு அலுவலகம் வருகிறவருக்கு அது ஒரு தூரமே இல்லை. கலையரங்கத்தின் உச்ச நேரமோ இரவு. நாடகம் முடிந்து ஒன்பதரைக்கு வெளியே வருகிற பெண்ணுக்கு அந்த 180 மீட்டர் வேறு அளவு.

2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேலம் சேர்ந்தது. இனி இங்கே கட்டப்போகிற, புதுப்பிக்கப்போகிற அரங்கங்களின் வரைபடத்திலும் சைக்கிளுக்கு ஒரு கட்டம் வரும் என்றே நம்புகிறேன். சேலம் சமவெளியில் சைக்கிள் மிதிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. மலைகள் சுற்றி நிற்கின்றனவே தவிர ஊருக்குள் மேடு குறைவு. அந்தக் கட்டத்தை எங்கே போடுவது என்று கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. டிக்கெட் கவுன்ட்டருக்கு எதிரே, அங்கே நிற்கிற கூட்டத்தின் கண்ணில் படும்படி. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே சேலை மாட்டாமல் ஒருத்தி நடந்துபோகிற இடைவெளி. காற்றடிக்கும் பம்பு ஒன்று. கடைசி ஆள் வண்டியை எடுக்கும்வரை அணையாத விளக்கு. சம்பளத்துக்கு ஒரு பெண் ஊழியர், அவருக்கும் வீடு திரும்ப ஒரு சைக்கிளோ, ஒன்பதரைக்குப் பிறகும் ஓடுகிற டவுன் பஸ்ஸோ.