இரண்டு முறை ஒப்படைத்த மனிதர்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். முப்பது வருடமாக மைக்செட், மேடை, லைட் தொழில் செய்கிறவர். "சார், உடம்பு முன்ன மாதிரி இல்ல. கடையை மொத்தமா வித்துடலாமா, இல்ல கூட இருக்கிற பசங்ககிட்ட விட்டுடலாமா?" என்று கேட்டார். உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று இரவு ஒரு மனிதரின் நினைவு வந்தது. அவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் பொறுமையாக இருந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவர் பெயர் ஜார்ஜ் வீன். 1925-ல் அமெரிக்காவின் பாஸ்டன் அருகே பிறந்தவர். பியானோ வாசிப்பார். 1950-ல் பாஸ்டனில் 'ஸ்டோரிவில்' என்ற ஜாஸ் இசை அரங்கைத் தொடங்கினார். அங்கே வந்துபோன லோரிலார்ட் என்ற செல்வந்தக் குடும்பத்துத் தம்பதி, தங்கள் ஊரான நியூபோர்ட்டில் இசை நிகழ்ச்சி நடத்த முடியுமா என்று கேட்டார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கடற்கரையோரம் இருக்கும் பணக்காரர்களின் ஊர் அது. 1954 ஜூலையில் அங்கே ஒரு டென்னிஸ் மைதானத்தில் இரண்டு நாள் திறந்தவெளி ஜாஸ் விழா நடந்தது. பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் எல்லாம் பாடினார்கள். அதற்குமுன் ஜாஸ் பெரும்பாலும் இரவு விடுதிகளில் புகைக்கும் மதுவுக்கும் நடுவே ஒலித்த இசை. அதை வெட்டவெளிக்குக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கிக் கேட்கும்படி செய்தவர் வீன். 1959-ல் அதே ஊரில் நாட்டுப்புற இசைக்கும் ஒரு விழா தொடங்கினார்.

விழா நடத்துவது வெளியே பார்க்கத்தான் பளபளப்பு. கலைஞர்களுக்கு முன்பணம், மைதானத்துக்கு வாடகை, அரசின் அனுமதி, போலீஸ் பந்தோபஸ்து, காப்பீடு எல்லாம் டிக்கெட் விற்கும் முன்பே செலவாகிவிடும். மழை பெய்தாலும் பாடகருக்குப் பேசிய பணம் கொடுத்தாக வேண்டும். 1960-ல் உள்ளே இடம் கிடைக்காத இளைஞர் கூட்டம் ஊருக்குள் கலவரம் செய்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. விழா பாதியில் நின்றது. 1971-ல் டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியை உடைத்து மேடையில் ஏறியது. ஊரே விழாவை வேண்டாம் என்றது. அடுத்த வருடம் வீன் ஜாஸ் விழாவை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். நியூபோர்ட்டுக்கு அது திரும்ப 1981 ஆயிற்று. இந்த முறை இடம் கடலோரத்தில் இருக்கும் ஆடம்ஸ் கோட்டை மைதானம். அது மாநில அரசின் பூங்கா. நாளொன்றுக்குச் சுமார் 10,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை.

இந்த 10,000 என்ற எண்ணைக் கவனியுங்கள். எவ்வளவு பெரிய நட்சத்திரம் வந்தாலும் டிக்கெட் வருமானம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. மிச்சத்தை ஸ்பான்சரிடம்தான் வாங்க வேண்டும். விழாவின் பெயரோடு கம்பெனியின் பெயரையும் சேர்க்கும் வழக்கத்தை வளர்த்தவர்களில் வீன் முக்கியமானவர். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் இருபது வருடத்துக்கும் மேலாக அவருடைய ஜாஸ் விழாக்களுக்கு அப்படித் துணை நின்றது.

இனி ஒப்படைத்த கதைக்கு வருகிறேன்.

வீனுக்கும் அவர் மனைவி ஜாய்சுக்கும் குழந்தைகள் இல்லை. ஜாய்ஸ் கறுப்பினப் பெண். வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது பல மாநிலங்களில் சட்டவிரோதமாக இருந்த 1959-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். விழா வேலைகளில் கணவரோடு கூடவே நின்ற ஜாய்ஸ் 2005-ல் காலமானார். வீனுக்கு அப்போது வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 2007-ல் தன் நிறுவனத்தை ஒரு புதிய கம்பெனிக்கு விற்றார். புதிய முதலாளிகள் அதற்கு 'ஃபெஸ்டிவல் நெட்வொர்க்' என்று பெயர் வைத்தார்கள். வீன் கௌரவப் பொறுப்பில் ஓரமாக இருந்தார்.

புதியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பெரிய கனவோடு வந்தார்கள். பல இடங்களில் புது விழாக்கள் தொடங்க முனைந்தார்கள். ஆனால் 2008-ல் அமெரிக்கப் பொருளாதாரமே சரிந்தது. ஜேவிசியின் ஆதரவு அந்த ஆண்டோடு முடிந்தது. கடன் ஏறியது. மைதானத்துக்காகத் தர வேண்டிய பணம் வரவில்லை என்று 2009 தொடக்கத்தில் ரோட் ஐலண்ட் மாநில அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. விற்று இரண்டே வருடம். அரை நூற்றாண்டுப் பெயர் தெருவில் நின்றது.

வீனுக்கு அப்போது 83 வயது. விற்ற பணத்தை வைத்துக்கொண்டு "நான் விற்றுவிட்டேன், எனக்கென்ன" என்று இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பி வந்தார். மாநில அரசிடம் பேசி மைதானத்தை வாங்கினார். ஸ்பான்சர் இல்லாத நிலையிலேயே சொந்தப் பணத்தைப் போட முன்வந்தார். இன்னொரு சிக்கலும் இருந்தது. தான் வளர்த்த விழாவின் பெயரைத் தானே பயன்படுத்த முடியாத நிலை. அதனால் அந்த வருடம் நாட்டுப்புற இசை விழா 'ஜார்ஜ் வீனின் நாட்டுப்புற இசை விழா 50' என்ற பெயரில் நடந்தது. ஜாஸ் விழாவுக்கு, மருத்துவக் கருவி செய்யும் கேர்ஃபியூஷன் நிறுவனம் ஸ்பான்சராக வந்து சேர்ந்தது.

2009 ஆகஸ்டில் இரண்டு விழாக்களும் நடந்தன. 90 வயது பீட் சீகர் வந்து பாடினார். 1959-ல் அதே விழாவில் பதினெட்டு வயதுப் பெண்ணாக முதன்முதலாக மேடையேறிய ஜோன் பயஸும் வந்தார். விற்பனைப் பத்திரத்தில் இந்த உறவுகளை எழுதிக் கொடுக்க முடியுமா? பெயரையும் ஒப்பந்தங்களையும் அலுவலகத்தையும் விற்கலாம். ஐம்பது வருட நம்பிக்கை அந்தக் கிழவரிடமே தங்கிவிட்டது.

ஆனால் வீன் செய்த சரியான வேலை திரும்பி வந்தது மட்டும் இல்லை. அதற்குப் பிறகு செய்ததுதான். இரண்டாவது முறை அவர் விற்கவில்லை. அடுத்த சில வருடங்களுக்குள் விழாக்களை லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளையின் கீழ் கொண்டுவந்தார். ஜே ஸ்வீட் என்ற இளைஞரிடம் நாட்டுப்புற விழாவின் பொறுப்பைக் கொடுத்தார். இந்த ஸ்வீட், விழுந்துபோன அந்தக் கம்பெனியின் காலத்தில் உள்ளே வந்தவர் என்பதைக் கவனியுங்கள். "அவர்கள் ஆள்" என்று வீன் ஒதுக்கவில்லை. 2017 முதல் ஜாஸ் விழாவின் கலை இயக்குநர் பொறுப்பு கிறிஸ்டியன் மெக்பிரைடுக்குப் போனது. அவர் பேஸ் வாத்தியக் கலைஞர். வீன் அருகிலேயே இருந்தார். ஆனால் கொடுத்த பொறுப்பைத் திரும்பப் பிடுங்கவில்லை.

இந்த வழி வீனுக்குப் புதிதும் இல்லை. 1970-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் விழா தொடங்கியபோது, அந்த ஊர் இசையை அறிந்த குயின்ட் டேவிஸ், ஆலிசன் மைனர் என்ற இரண்டு இளைஞர்களைக் கூட வைத்துக்கொண்டார். முதல் வருடம் வந்த ரசிகர்கள் சுமார் 350 பேர்தான். பின்னாளில் அது லட்சக்கணக்கானோர் கூடும் விழாவாக வளர்ந்தது. குயின்ட் டேவிஸ் அரை நூற்றாண்டாக அதை நடத்தி வந்திருக்கிறார். தெரிந்த வழியை 2007-ல் வீன் ஏன் மறந்தார் என்று யோசித்தேன். மனைவியை இழந்த அலுப்பாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

2020-ல் கொரோனாவால் விழா நடக்கவில்லை. 2021 கோடையில் குறைந்த கூட்டத்தோடு நடந்தபோது வீனால் நேரில் போக முடியவில்லை. அவர் இல்லாமலே விழா நன்றாக நடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று, 95 வயதில் காலமானார். அடுத்த வருடமும் நியூபோர்ட்டில் விழா நடந்தது.

நான் ஓய்வு பெற்ற நாளில் பள்ளி நூலக பீரோ சாவியை அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு வருடம் கழித்துப் போனபோது பீரோ பூட்டியபடியே இருந்தது. புத்தகம் ஒன்றும் தொலையவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வழக்கம்தான் நின்றுபோயிருந்தது. தவறு என்னுடையது. சாவியைக் கொடுத்தேன். கடைசி இரண்டு வருடம் ஓர் இளம் ஆசிரியரைக் கூட வைத்துக்கொண்டு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

அதனால் மைக்செட் தம்பிக்கு நேற்று போன் செய்து சொன்னேன். "விற்பதா விடுவதா என்பது உன் குடும்பக் கணக்கு, நான் சொல்லக் கூடாது. ஆனால் எதைச் செய்வதானாலும் இன்னும் இரண்டு சீசன் அந்தப் பையன்களை முன்னால் நிற்க வைத்து, நீ பின்னால் நில். கோயில் கமிட்டிக்காரர்கள் உன் நம்பருக்குப் பதில் அவர்கள் நம்பருக்கு போன் செய்ய ஆரம்பிக்கட்டும். அப்புறம் முடிவு செய்."

"சரி சார், பின்னால நிக்கிறதுதான் கஷ்டம்" என்றார். எனக்கும் தெரியும் என்றேன்.

உங்களில் பலருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. கடை, ஆபீஸ், பள்ளி, சங்கம் என்று எதையாவது யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறீர்கள். யாரிடம், எப்படி என்று நேரம் இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்